அறுபத்தொன்றாம் எண் கதவு

கடம்பந்துறையில் கதவுகள் சாவியை விட்டுவிட்டுச் சொல்லுக்குப் பழகிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே முக்காலுக்கு. ஐஸ் பேக்டரிக்கும் மாதா கோவிலுக்கும் நடுவில் மூன்று கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்திவந்த மெர்சலின், தன் முப்பத்தெட்டாவது வயதில், போனில் இலவசமாகக் கிடைத்த பாடத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிய பன்னிரண்டு வரி பைத்தான் கணினி நிரல், ஒன்பது முறை பிழை காட்டிவிட்டுப் பத்தாவது முறை ஓடத் தொடங்கிய நிமிஷம் அது.

ஊரில் இருநூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருவது அவள்தான். அத்தனை வீடுகளுக்கும் பாஸ்வேர்டு ஒன்றேதான்: மேரி, பிறகு ஒன்று இரண்டு மூன்று. அதைத் தெரிந்துகொண்ட எவனோ ஒருத்தன் விளையாட்டுக்குப் பதினொரு பேருடைய மீனவர் அட்டை விண்ணப்பத்தை ரத்து செய்துவிட, மெர்சலின் பதினொன்றையும் திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டு, இனி ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்று, யாராலும் ஊகிக்க முடியாத ஒன்று என்று முடிவு செய்தாள். தொடக்க நிலை மாணவர்களுக்கான முதல் பயிற்சியே பாஸ்வேர்டு உருவாக்கும் நிரல்தான். எழுத்துகளையும் எண்களையும் குறிகளையும் ஒரு வரிசையில் அடுக்கிவிட்டால், எத்தனை வேண்டும் என்று கேட்டு, பதினான்கு என்றால் அதிலிருந்து பதினான்கைக் குருட்டாம்போக்கில் பொறுக்கி அது திரையில் போடும். போட்டுவிட்டு, இன்னொன்று வேண்டுமா என்று கேட்கும். வேண்டுமென்றால் ஒய், என்டர். வேண்டாமென்றால் 'என்' எழுத்து, என்டர். அவ்வளவுதான்.

முதல் சீட்டை வாங்கிப் போனவள் மீன் விற்கும் பிரிசில்லா. மத்தியானம் வீட்டுக்கு வந்து, காலி அன்னக்கூடையை இறக்கி வைத்து, சாவியைப் போட்டால் சாவி சுற்றியது, கதவு அசையவில்லை. தள்ளினாள், உதைத்தாள், பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரை கொண்டுவந்து நெம்பினார், கடப்பாரை வளைந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாத எரிச்சலில், சுருக்குப்பையிலிருந்த சீட்டை எடுத்து, அதிலிருந்த பதினான்கையும் கதவைப் பார்த்து வசவுபோல் வாசித்தாள். கதவு திறந்தது. பிரிசில்லா உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்து எல்லோருக்கும் சொன்னாள்: "இனிமே சாவி தொலையுத தொல்லை இல்ல பாத்துக்கிடுங்க."

மறுநாள் காலை சென்டர் வாசலில் வரிசை நின்றது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எப்போது தங்கள் முறை வரும் என்றுதான் கேட்டார்கள். வாரம் முடிவதற்குள் ஊரே கதவோடு பேசப் பழகிவிட்டது. குறிகளின் ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாததால் கடற்கரைக்காரர்கள் அவற்றுக்குத் தங்கள் பெயரை வைத்தார்கள். குறுக்கும் நெடுக்குமாக இருந்தது வலை, சுருண்டிருந்தது சங்கு, கூம்பியிருந்தது பாய்மரம், வளைந்து பின்னியது முடிச்சு, நெளிந்தது அலை, கேள்விக்குறி தூண்டில். அதன்பின் சாயங்காலமானால் தெருத்தெருவாகக் கேட்கத் தொடங்கியது, பெரிய கே, சின்ன எம், வலை, ஏழு, பாய்மரம், சின்ன ஆர் என்று, ஜெபம் சொல்வதுபோல், அவரவர் குரலைத் தணித்து, அடுத்தவர் காதில் விழாதபடி கையால் வாயை மறைத்து. கதவுக்குச் சொல்வது யார் என்பது பொருட்டில்லை; உள்பக்கத்துக்கு ஒரு காது, வெளிப்பக்கத்துக்கு ஒரு காது, ஒன்றில் விழுவது மற்றதில் கலக்காது. பதினான்கும் வரிசை தப்பாமல் காதில் விழ வேண்டும், நடுவில் வேறொரு எழுத்து விழுந்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மாற்ற வேண்டுமானால் உள்பக்கம் நின்று பழையதை ஒருமுறையும் புதியதை இருமுறையும் சொன்னால் கதவு புதியதைப் பிடித்துக்கொள்ளும். பல்செட்டு இல்லாத பெரியவர்கள் வாசலில் திணறினார்கள். குடித்துவிட்டு வந்தவர்களால் ஏழாவது எழுத்தைத் தாண்ட முடியவில்லை, அவர்களின் மனைவிமார் நிம்மதியாகத் தூங்கினார்கள். பங்குச்சாமியார் கோவில் கதவுக்கு மட்டும் சீட்டு வாங்கவில்லை, வாங்கவும் வேண்டாம் என்று ஊர் ஒப்புக்கொண்டது. பூட்டுக்கடைக்காரர் ஒரு வாரம் கோபமாக இருந்துவிட்டுச் சீட்டுகளை லேமினேட் செய்துகொடுக்கத் தொடங்கினார். எத்தனையாவது சீட்டு என்பது ஒரு கௌரவமாகிப் போனது. கதவில் மஞ்சள் பெயிண்டில் எண்ணை எழுதி வைத்தார்கள். பிரிசில்லாவின் கதவில் ஒன்று.

அறுபத்தொன்றாவது சீட்டை வாங்கியவள் டெல்பின்.

அவள் புருஷன் ரெக்ஸன் விசைப்படகில் டிரைவர். பார்க்க நன்றாக இருப்பான், பேசினால் யாருக்கும் பிடிக்கும், திருவிழாவில் கொடிமரம் தூக்க முதலில் தோள் கொடுப்பான். டெல்பினின் இடது கை மணிக்கட்டு இரண்டு முறை ஒடிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. இரண்டாவது முறை ஒடிந்த அன்று, நான்கு வயது மகள் ஜெபிஷாவைத் தூக்கிக்கொண்டு, பிரிசில்லாவின் வீட்டுக்கு எதிரே பூட்டிக் கிடந்த தன் இறந்துபோன தாயின் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் போனை அவன் ஏற்கெனவே உடைத்திருந்தான்.

"கடினமா ஒண்ணு போடுங்கக்கா," என்றாள்.

"எல்லாம் ஒரே கடினம்தான் டெல்பின். லட்சம் வருஷம் வாசல்ல நின்னு சொன்னாலும் ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"சத்தியமா?"

"சத்தியமா," என்றாள் மெர்சலின்.

கரையில் இருக்கும் நாளெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு ரெக்ஸன் அந்த வாசலில் வந்து நின்றான். மகளின் பெயரைச் சொன்னான், கல்யாணத் தேதியைச் சொன்னான், படகின் பெயரைத் தலைகீழாகச் சொன்னான். கதவு அசையாது. பிறகு கோடாலியால் ஒரு போடு போடுவான், கோடாலி துள்ளி விழும். ஜன்னலும் கதவின் கட்சிதான், கூரை ஓடும் அப்படித்தான். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. "புருசன் பொண்டாட்டி விசயம்" என்றது. பிரிசில்லாகூட ஒருநாள் எதிர்வாசலில் நின்று, "தெறந்து விடேன் டெல்பின், அவனும் எத்தன நாளு நிப்பான்" என்று சொல்லியிருக்கிறாள்.

அப்படி மூன்று மாதம் போனது. நிரல் ஓடிய அந்த ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரை மெர்சலின் ஒருநாளும் அணைத்ததில்லை, நிரலிடம் ஒருமுறையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு திங்கட்கிழமை டிரான்ஸ்பார்மர் வெடித்து, யூபிஎஸ்ஸும் தீர்ந்து, திரை இருண்டது. கரண்ட் வந்ததும் நிரலைத் திரும்ப ஓட்டினாள். வந்து விழுந்த பதினான்கு எழுத்தைப் பார்த்தாள். பெரிய டி, நான்கு, சின்ன ஒய், சங்கு. எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. பிரிசில்லா வாயை மறைக்காமல் சத்தமாகச் சொல்கிற ஆள். அது பிரிசில்லாவின் கதவு.

அடுத்ததைக் கேட்டாள். இரண்டாவதாக வந்தது அவள் சொந்த வீட்டுக் கதவு.

மெர்சலின் நிரலை நிறுத்தினாள். பன்னிரண்டு வரியையும் முதல்முறையாக வரி வரியாக வாசித்தாள். மூன்றாவது வரியில் விதை என்று ஒன்று இருந்தது, அடைப்புக்குறிக்குள் பத்து. பாடம் நடத்திய சார் அடித்தார் என்று அவளும் அடித்த வரி. வீடியோவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், இந்த வரி இருப்பதால்தான் உங்களுக்கும் எனக்கும் ஒரே விடை வரும், பயிற்சிக்கு மட்டும் வையுங்கள், பிறகு எடுத்துவிடுங்கள் என்று. அன்று அந்த இடத்தில் யாரோ ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்க வேண்டும். ஆக, இருநூற்றுச் சொச்சம் கதவுகளும் ஒரு கயிற்றில் கோத்த பாசிமணிகள். அதே பாடத்தைப் பார்த்து அதே வரிகளை அடிக்கிற எவனுக்கும் அதே வரிசையில் உதிரும். வரிசை எண்ணோ ஒவ்வொரு கதவிலும் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கிறது.

அன்றைக்கே கோவில் மைக்கில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊர் தன்னை நம்பிய மூன்று மாதத்தை ஒரே நிமிஷத்தில் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, செவ்வாயும் புதனும் அடுத்த பாடத்தைப் பார்த்தாள். விதையே இல்லாமல், கம்ப்யூட்டரின் உள்ளே எங்கோ நடக்கும் சில்லறைச் சலனங்களிலிருந்து பொறுக்கும் வேறொரு கருவி உண்டு, அதன் பெயரே ரகசியங்கள். புதன் மாலை அது ஓடியது. வியாழன் காலை டெல்பினிடம் முதலில் போகலாம் என்று நினைத்தாள். காலையில் பத்துப் பேர் பரீட்சை விண்ணப்பத்தோடு நின்றார்கள். மத்தியானம் ஆனது.

இரண்டரை மணிக்கு ரெக்ஸன் உள்ளே வந்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"யக்கா, ஒரு மணி நேரம் சிஸ்டம் வேணும்."

"என்ன வேலை தம்பி?"

"நானும் பைத்தான் படிக்கேன்," என்று சிரித்தான். "கடல்ல நேரம் போகாதுல்லா. நீங்க பாத்த அதே சாரத்தான் பாக்கேன்."

மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தான். போனைச் சாய்த்து வைத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்தி, இரண்டு விரலால் அடித்தான். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது. மெர்சலின் ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்கிற சாக்கில் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். முதல் வரி. இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் விதை, அடைப்புக்குறிக்குள் பத்து.

ஓட்டினான். பிழை காட்டியது. உள்தள்ளல் தப்பு, வரியின் முன்னால் விட வேண்டிய இடைவெளி சரியில்லை.

"இது என்னக்கா சொல்லுது?"

"தெரியல தம்பி. எனக்கும் அப்படித்தான் வரும்."

அவனே கண்டுபிடித்தான். எத்தனை எழுத்து என்று நிரல் கேட்டது. பதினான்கு என்று அடித்தான், ஊரில் எந்த வாசலில் நின்று எண்ணினாலும் தெரிகிற எண்தான். பிறகு ஒய், என்டர். ஒய், என்டர். ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டான். பத்தொன்பதாவது கோட்டில் நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து லேமினேட் செய்த சீட்டை எடுத்துத் திரையோடு ஒத்துப் பார்த்தான். அது அவன் அப்பா வீட்டுச் சீட்டு. பத்தொன்பதாம் எண்.

திரும்பி மெர்சலினைப் பார்த்தான். இப்போது சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும்லாக்கா," என்றான் மெதுவாக.

அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒய், என்டர். இருபது.

மெர்சலின் ஒன்றாம் நம்பருக்கு வந்து உட்கார்ந்தாள். புதிய நிரலை ஓட்டினாள், ஒரே ஒருமுறை. திரையில் வந்த பதினான்கையும் யாருடையதோ ஆதார் நகலின் பின்பக்கம் எழுதினாள், எழுதியதை ஒருமுறை சரிபார்த்தாள், கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். பின்னால் ஒய், என்டர் கேட்டுக்கொண்டே இருந்தது. முப்பத்தாறு. முப்பத்தேழு. பிறகு ஒரு கெட்ட வார்த்தை. வேகத்தில் ஒய்க்குப் பதில் 'என்' பொத்தானை அழுத்திவிட்டான், நிரல் முடிந்துபோனது. மறுபடி ஒன்றிலிருந்து.

"டீ சொல்லிட்டு வாரேன் தம்பி," என்று செருப்பைக்கூடப் போடாமல் வெளியே வந்தாள்.

கோவில் முனைவரை நடந்தாள். முனை திரும்பியதும் ஓடினாள், கருவாடு காயப்போட்டிருந்த மணல்மேட்டைக் குறுக்கே மிதித்து, பெண்கள் "என்னடி மெர்சலின், என்னடி" என்று எழுந்து நிற்க, சூடு பொறுக்காமல், மாற்றச் சொல்ல வேண்டிய எழுத்துகளின் கணக்கை மனதுக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள். அவன் சொல்ல வேண்டியது பதினான்கு. டெல்பின் சொல்ல வேண்டியது நாற்பத்திரண்டு.

"டெல்பின்! வெளிய வராத. சீட்டத் தள்ளுதேன், எடு." கதவடியில் காகிதத்தைச் செருகினாள். அது உள்ளே இழுபட்டுப் போனது. "அவன் கண்டுபிடிச்சிட்டான். என்னாலதான். மாத்து, இப்பவே மாத்து."

பிறகு சாவித் துவாரத்துக்கு அந்தப் பக்கம் டெல்பினின் குரல், மூச்சு இரைக்க, பழையதைச் சொல்லத் தொடங்கியது. நான்காவது எழுத்தில் தடுமாறியது. பயத்தில் மறந்துவிட்டாள். முதலிலிருந்து.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது.

ரெக்ஸன் பைக்கைச் சாய்த்துப் போட்டுவிட்டு வந்தான். கையில் காகிதம். மெர்சலின் சாவித் துவாரத்தைத் தன் முதுகால் மறைத்து நின்றாள். அவன் அவளைத் தொடவில்லை. மூன்றடி தள்ளி நின்று காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, தெருவே கேட்க வாசித்தான்.

"சின்ன ஜி. பெரிய டபிள்யூ. ரெண்டு. அலை. சின்ன ஏ..."

மெர்சலினின் முதுகுக்குப் பின்னால் கதவு உள்ளூர நடுங்குவதை அவள் உணர்ந்தாள். கையில் மாவு அப்பியிருக்க எதிர்வாசலுக்கு வந்த பிரிசில்லா ரெக்ஸனைப் பார்த்தாள், மெர்சலினின் முகத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். அவளுக்கு விதையும் தெரியாது, நிரலும் தெரியாது. அந்தக் கோணல் மணிக்கட்டை மட்டும் மூன்று மாதமாகத் தினமும் பார்த்திருந்தாள்.

"பெரிய டி!" என்று கத்தினாள் பிரிசில்லா, மீன் விற்கிற குரலில். "நாலு! சின்ன ஒய்! சங்கு!"

ரெக்ஸனின் வரிசைக்குள் அது விழுந்தது. கதவின் நடுக்கம் நின்றது.

"ஏ கிழவி, வாய மூடு," என்று திரும்பினான். முதலிலிருந்து தொடங்கினான். "சின்ன ஜி..."

"தூண்டில்!" என்றது பக்கத்து வீடு. "பெரிய ஹெச்! ஒம்போது!" என்றது அதற்கடுத்த வீடு. மணல்மேட்டிலிருந்து மெர்சலினின் பின்னாலேயே வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் தன் பாஸ்வேர்டை, மூன்று மாதமாகக் கையால் மறைத்து மறைத்துச் சொன்னதை, வெட்டவெளியில் தொண்டை கிழியச் சொன்னார்கள். வலை, முடிச்சு, சின்ன க்யூ, பாய்மரம், எட்டு, பெரிய எஸ், வலை, அலை, அலை, மூன்று என்று தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எழுத்துகள் மழைபோல் விழுந்தன. அவர்கள் சொல்லச் சொல்ல, நடுவில் அடுத்தவள் எழுத்து விழாத வேளைகளில், அவர்களுடைய கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. பாத்திரங்கள் தெரிந்தன, தொட்டிலில் கிடந்த பிள்ளை தெரிந்தது, மாதா படத்துக்கு முன் எரியும் பல்பு தெரிந்தது. யாரும் ஓடிப்போய்ச் சாத்தவில்லை.

ரெக்ஸன் மெர்சலினைத் தோளைப் பிடித்து வீசினான். அவள் படிக்கட்டில் விழுந்து நெற்றி கிழிந்தது. அவன் சாவித் துவாரத்தில் வாயை வைத்தான். அதைப் பார்த்ததும் பெண்களின் சத்தம் ஒருகணம் அடங்கிப்போனது. அந்த அமைதியில் பதினான்கையும் அவன் ஒன்றுவிடாமல், ஒரு பிழையில்லாமல், காதலியின் காதில் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

கதவு அசையவில்லை.

இன்னொருமுறை சொன்னான். உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அதற்கும் மேலே டெல்பினின் குரல் தெளிவாகக் கேட்டது: "மாத்தியாச்சு. நீ போ."

அவன் திரும்பியபோது நாற்பது பெண்கள் நின்றார்கள். மாவுக்கையோடு முன்னால் நின்றாள் பிரிசில்லா. யாரும் அவனை அடிக்கவில்லை. வழியும் விடவில்லை. யாரோ போன் போட்டு அழைத்த மகளிர் காவல் நிலையத்து ஜீப் வரும்வரை அவன் படியில் உட்கார்ந்தபடி தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, நெற்றியில் ஐந்து தையலோடு, மெர்சலின் கோவில் மைக்கைக் கேட்டு வாங்கினாள். மூன்றாம் வரியைப் பற்றிச் சொன்னாள். தெரிந்த பிறகும் மூன்று நாள் வாய் மூடியிருந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "அந்த மூணு நாள்ல அவன் உள்ள போயிருந்தா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை மெர்சலின் வாங்கிக்கொண்டாள். பிறகு ஊரார் வரிசையில் நின்றார்கள், இந்த முறை சிரிப்பில்லாமல், புதிய சீட்டுக்கு. கதவுகளில் இருந்த மஞ்சள் எண்களைச் சுரண்டி எடுத்தார்கள்.

ஜாமீனில் வந்த மறுநாள் ரெக்ஸன் சென்டருக்கு வந்தான். வாசலில் நின்றே கேட்டான்.

"நீதான எழுதிக் குடுத்த. சொல்லு."

"எழுதின தாள் அவகிட்ட இருக்கு. எனக்கு ஞாபகம் இல்ல."

"அந்தப் புரோகிராமத் திரும்ப ஓட்டு."

மெர்சலின் திரையை அவன் பக்கம் திருப்பி ஓட்டினாள். வந்தது. நிறுத்திவிட்டு ஒன்றிலிருந்து ஓட்டினாள். வேறொன்று வந்தது. அவன் ஓட்டு ஓட்டு என்றான், அவளும் ஓட்டினாள், காலை வெயில் வாசலைத் தாண்டி ஜெராக்ஸ் மெஷின்வரை ஏறி வரும்வரை. திரையில் எழுத்துகள் ஏறிக்கொண்டே போயின, எதுவும் இரண்டாம் முறை திரும்பி வரவில்லை. அவன் கண் சிவந்துபோனது. கடைசியில் திரும்பிப் போனான். அந்த வாரமே கேரளக் கரையில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எப்போது திரும்புவான் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் மாதம் டெல்பின் மகளைப் பால்வாடியில் சேர்த்தாள். முதல் நாள் மத்தியானம் கூட்டி வந்தவள், வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்து, ஜெபிஷாவின் இரண்டு காதையும் தன் உள்ளங்கைகளால் இறுக்கமாகப் பொத்திக்கொண்டு, கதவிடம் மெதுவாகச் சொன்னாள். எப்போதாவது அப்பா வந்து ஆசையாகக் கேட்டால் பிள்ளை சொல்லிவிடும்.

கதவு திறந்தது. கைகளை எடுத்ததும் ஜெபிஷா அண்ணாந்து பார்த்து, "என்னம்மா சொன்ன?" என்று கேட்டாள்.

"உள்ள வா, சாப்பிடலாம்னு சொன்னேன்," என்றாள் டெல்பின்.